மாமரத்துல மிளகுக்கொடி, எந்த உயரத்துல நிறுத்தணும்?

ஆனைமலை பக்கம் எங்க தோட்டத்துல அப்பா வச்ச மாமரம், 20 வயசு இருக்கும், அதுல பன்னியூர்-1 ரக மிளகுக்கொடி ஏத்தி 4 வருஷம் ஆச்சு, இப்ப 18 அடி தாண்டி கிளைக்குள்ள புகுந்து இலையையெல்லாம் மூடிடுச்சு. மிளகு மரத்தோட சாறை உறிஞ்சாது, வேர் பட்டையை பிடிச்சு நிக்கும் அவ்ளோதான், ஆனா வெயில் படாம அந்தப் பக்கம் சின்னக் கிளைங்க காயுது, இந்தத் தை மாசம் அங்க பூவே வரல.

மாமரத் தண்டுல ஓட்டை, பிசின் எதுவும் இல்ல. கொடியைக் கட்டின சணல் கயிறு மரப்பட்டையை இறுக்குதான்னும் பாத்தாச்சு, இறுக்கல. தொழுவுரம், வேப்பம்புண்ணாக்கு போட்டாச்சு. கொடியோட நுனியைக் கிள்ளினா பக்கத்துல கிளைச்சு திரும்ப மேலதான் போகுது. மிளகு பறிச்சு முடிச்சாச்சு, மழைக்கு முன்னாடி வெட்டிடணும், மரம் போயிடக்கூடாது.

மாமரத்துல மிளகு ஏத்தினவங்க, கொடியை எத்தனை அடியோட நிறுத்துறீங்க?