குப்பைமேனிச் சாறு: பூசியது பலித்தது, குடிக்கவும் கொடுக்கலாமா?

ஆற்றங்கரைக்காரி (அம்பாசமுத்திரம்):
என் மகனுக்கு நான்கு வயது. முழங்காலுக்குக் கீழே சிரங்கு வந்து நீர் கோத்து நின்றது. அத்தை கொல்லையிலிருந்து குப்பைமேனியைப் பறித்து, மஞ்சளும் கல் உப்பும் வைத்து அம்மியில் அரைத்துப் பூசினார்கள். முதல் நாள் எரிச்சலில் தெருவே கூடும்படி கத்தினான். ஐந்தாம் நாள் பொருக்கு உதிர்ந்துவிட்டது. அதில் அத்தைக்குத் தைரியம் கூடிவிட்டது. இப்போது சளிக்கு அதே இலையை இடித்து ஒரு சங்கு சாறு புகட்ட வேண்டும் என்கிறார்கள். கிருமியைக் கொல்லும் என்று ஆய்வே இருப்பதாகக் கொழுந்தன் வேறு எடுத்துக் கொடுக்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பாளை ஆய்வுக்கூடம்:
ஆய்வு உண்மைதான், நானும் செய்திருக்கிறேன். எத்தனாலில் (ஆல்கஹால்) ஊறவைத்து வடித்த சாரத்தை, கிருமி வளர்க்கும் அகார் தட்டின் குழியில் விட்டால், மறுநாள் குழியைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம் தெரியும். சிரங்கை உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியா அதற்கு அடங்கும். ஆனால் ஆன்டிபயாடிக் மைக்ரோகிராமில் செய்யும் வேலைக்குச் சாரம் மில்லிகிராம் கணக்கில் வேண்டும். புண்மேல் அப்பினால் அந்த அளவு கிடைக்கும். குடித்தால் இரத்தத்தில் எங்கே கிடைக்கும்? சளியும் பெரும்பாலும் வைரஸால் வருவது.

குற்றாலம் மூலிகைக்கடை:
தம்பி, சளிக்குக் கொடுப்பது கிருமியைக் கொல்ல அல்ல, கக்க வைக்க. வாந்தியோடு கோழை வரும். பூனைவணங்கி என்றும் இதற்குப் பெயர். வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனை வந்து புரளும். ஆனாலும் அளவு தெரியாமல் நானே கொடுக்க மாட்டேன்.

சித்த மருத்துவர், தென்காசி:
அண்ணாச்சி சொன்ன அளவைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ளவர்களுக்கு இந்த இலை உள்ளே போனால் சிவப்பணுக்கள் உடையும். இலங்கையில் குப்பைமேனி சேர்த்த மூலிகைக் கஞ்சி குடித்தவர்களுக்கு அப்படி நேர்ந்திருக்கிறது. சிறுநீர் பால் விடாத தேநீர் நிறமாகும், கண் மஞ்சளிக்கும், ஆள் வெளிறிப்போவார். இந்தக் குறை ஆண் குழந்தைகளிடம்தான் அதிகம். பிறந்ததும் உங்கள் மகனுக்குக் காமாலை இருந்ததா?

ஆற்றங்கரைக்காரி:
இருந்தது ஐயா, இரண்டு நாள் நீல விளக்கின் கீழ் வைத்திருந்தார்கள். உடனே பீரோவில் இருந்த பழைய மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். கடைசி வரியில் 'ஜி6பிடி குறைவு. அந்துருண்டை கூடாது' என்று எழுதியிருக்கிறது! துணிக்கு இடையில் உருண்டை வைக்காததோடு என் கடமை முடிந்தது என்று நான்கு வருடமாக நினைத்திருந்தேன். நாளைக் காலை குழந்தை மருத்துவரிடம் சீட்டோடு போகிறோம். அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அந்துருண்டைக்கும் இலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று முணுமுணுத்துக்கொண்டே உரலைக் கழுவிவிட்டார்கள்.