‘ஆஃப் பை ஒன்’ பிழைக்கு ‘வரைப்பிசகு’: ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

நிரலில் எல்லையைத் தவறாகக் குறிப்பதால் எண்ணிக்கை ஒன்று கூடியோ குறைந்தோ போகும் பிழைதான் ‘ஆஃப் பை ஒன் எரர்’. அதற்குத் தமிழ்ச்சொல் தேடியதில் இதுவரை ‘ஓரெண் வழு’, ‘ஒன்று தவறிய பிழை’, ‘விளிம்புப் பிழை’, ‘கம்பப் பிழை’ ஆகியவை வந்திருக்கின்றன. நான் ‘வரைப்பிசகு’ என்பதை முன்வைக்கிறேன். ஏன் என்று சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும்.

நிரலாக்கம் சொல்லித்தரும்போது தொடக்கத்திலேயே நான் கொடுக்கும் பயிற்சி, 1 முதல் 10 வரையுள்ள எண்களைக் கூட்டுவது. மாணவி ஒருவர் பைத்தான் நிரல்மொழியில் ரேஞ்ச்(1, 10) என்று எழுதி மடக்கை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் நிரல்பகுதி, ‘லூப்’) ஓட்டினார். 55 வர வேண்டிய இடத்தில் 45 வந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை. கூட்டல் வரியையே திரும்பத் திரும்பப் பார்த்தார். தொடக்க மதிப்பை மாற்றிப் பார்த்தார். “இது ஓரெண் வழு” என்றேன். “பத்துல்ல குறையுது? ஒன்னு எங்க குறையுது?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. ஒன்று குறைந்தது சுற்றுகளின் எண்ணிக்கையில். விடையில் குறைந்ததோ, விடுபட்ட கடைசிச் சுற்றில் சேர்ந்திருக்க வேண்டிய 10. ‘ஓரெண்’ என்ற சொல் அவரை விடையைப் பார்க்க வைத்தது. அவர் பார்த்திருக்க வேண்டியது மடக்கின் முதல் வரியை.

அப்புறம் யோசித்தபோதுதான் பிடிபட்டது. ‘1 முதல் 10 வரை’ என்றால் தமிழில் பத்தும் சேர்ந்ததுதான். ஒன்பதோடு நிறுத்துபவர் யாருமில்லை. பைத்தானின் ரேஞ்ச் மேலெல்லையைச் சேர்ப்பதில்லை. அதற்கு நல்ல காரணமும் உண்டு. கீழெல்லையைச் சேர்த்து மேலெல்லையை விடும் முறையை கணினி அறிவியலாளர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1982இல் எழுதிய குறிப்பொன்றில் ஆதரித்திருக்கிறார்: மேலெல்லையிலிருந்து கீழெல்லையைக் கழித்தால் உறுப்புகளின் எண்ணிக்கை அப்படியே கிடைத்துவிடும். 1, 10 என்று கொடுத்தால் 9 சுற்று. கணக்கு சுத்தம். ஆனால் கற்பவர் அந்தக் காற்புள்ளியை மனத்துக்குள் ‘வரை’ என்று படிக்கிறார். பிசகு அங்கேதான் நேர்கிறது. பிழை நேரும் சொல்லே பிழையின் பெயரிலும் இருந்தால், தேட வேண்டிய இடம் பெயரிலேயே தெரிந்துவிடும்.

நிபந்தனைக் கூற்றுகளுக்கும் இது பொருந்துகிறது. ‘50க்கு மேல் எடுத்தால் தேர்ச்சி’ என்று வாயால் சொல்லிக்கொண்டே > 50 என்று எழுதுவார்கள். சரியாக 50 எடுத்தவர் தோற்றுப்போவார். நினைத்தது ‘குறைந்தது 50’, எழுதியிருக்க வேண்டியது >= 50. 49, 51 என்று சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். 50ஐக் கொடுத்தால்தான் வெளிப்படும். வெப்பநிலை போலப் பின்னம் வரும் அளவுகளில் இதே தவறு நேர்ந்தால் ‘ஓரெண்’ என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை. எல்லை எங்கே, அது உள்ளேயா வெளியேயா என்பதுதான் இரண்டுக்கும் பொதுவான கேள்வி.

‘வழு’ ஏன் வேண்டாம்? நிரலில் வரும் எந்தப் பிழையையும் குறிக்கும் ‘பக்’ என்பதற்கு அது பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டது, அப்படியே இருக்கட்டும். ஆனால் நன்னூல் சொல்லும் வழுக்கள் ஏழும் மொழி மரபை மீறுபவை. ‘அவன் வந்தாள்’ என்றால் கேட்டவுடன் காது உறுத்தும். நம் பிழையோ இலக்கணப்படி முழுக்கச் சரியான நிரலில் இருப்பது. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றும் மொழிமாற்றி (‘கம்பைலர்’) வாய் திறக்காது. ‘கணக்கு பிசகிவிட்டது’, ‘கால் பிசகிவிட்டது’ என்கிறோமே, எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்து ஒன்று மட்டும் சற்றே நகர்ந்த நிலை, அதுதான் இது.

‘விளிம்புப் பிழை’யை ‘எட்ஜ் கேஸ்’ (அரிதாக வரும் எல்லைநிலை உள்ளீடு) உடன் குழப்பிக்கொள்வார்கள். ‘கம்பப் பிழை’ பின்னால் உள்ள கணக்கு எனக்குப் பிடிக்கும்: 30 மீட்டர் வேலிக்கு 3 மீட்டருக்கு ஒரு கம்பம் நட்டால் 10 அல்ல, 11 கம்பம் வேண்டும். ஆனால் கதை தெரியாதவருக்கு அந்தப் பெயர் எதையும் சொல்லாது. பாடத்தில் எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம்.

‘வரை’ என்றதும் ஓவியம் வரைவது நினைவுக்கு வராதா என்று கேட்கலாம். ‘வரைபடம்’ வினைத்தொகை, அதனால் ஒற்று மிகவில்லை. இங்கே ‘வரை’ எல்லையைக் குறிக்கும் பெயர். ‘வரைப்பிசகு’ என்று ப் மிகுந்து வரும். எழுதும்போது இந்த ஒற்றை விடக் கூடாது, விட்டால் பொருளே மாறிவிடும்.

புழக்கத்தில் இப்படி வரும்: “அந்த மடக்கில் ஒரு வரைப்பிசகு இருக்கிறது, 10க்குப் பதில் 3 கொடுத்துச் சுற்றுகளைக் கையால் எண்ணிப் பார்.” “நிபந்தனையில் வரைப்பிசகு, சமக்குறி விட்டுப்போயிருக்கிறது.”

ஒன்றுதான் எனக்கு இன்னும் தீரவில்லை. ஐந்து உறுப்புள்ள பட்டியலில் சுட்டெண் (உறுப்பின் இடத்தைக் குறிக்கும் எண்) 0 முதல் 4 வரைதான். அங்கே <= 5 என்று எழுதினால் மடக்கு ஆறாவது சுற்றும் போகும்; பைத்தான் பிழை காட்டி நிறுத்திவிடும், சி மொழி பெரும்பாலும் சத்தமில்லாமல் பக்கத்து நினைவகத்தைப் படித்துவிடும். ஒரு சுற்று கூடுவதையும் குறைவதையும் ‘மிகைச்சுற்று’, ‘குறைச்சுற்று’ என்று தனித்தனியாகப் பிரிக்கலாமா, ‘வரைப்பிசகு’ ஒன்றே இரண்டுக்கும் போதுமா? வகுப்பில் சொல்லித்தருபவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.