முத்தையன்கட்டு வீடு (குடும்பக் குழு உரையாடல்): கறுப்புத் தவளை

ஒக்டோபர், சனிக்கிழமை

நான் (காலை 6.48): அண்ணா, நீங்கள் அனுப்பிய செயற்கைத் தூண்டில் இரைப் பெட்டியோடு ஐந்தாவது காலையும் குளக்கட்டில் நின்றுவிட்டு வந்தேன். ஒரு விரால்கூட முழுதாகக் கொத்தவில்லை. கரண்டி, சுழலி, மீன் வடிவக் கட்டை, றப்பர் புழு, தவளை என்று எல்லாவற்றையும் எறிந்து பார்த்தேன். பத்து எறிக்கு ஒருமுறை மாற்றினேன். கரண்டி மூன்று தடவை மிதக்கும் சல்வீனியாப் பூண்டில் சிக்கியது. மூன்றாவது தடவை நூல் அறுந்து போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரொறன்ரோ அண்ணா (6.55): போனது போகட்டும். இங்கே இரவு ஒன்பதரை ஆகப்போகிறது, விழித்துத்தான் இருக்கிறேன். எந்த இடத்தில் நின்றாய்? எவ்வளவு வேகத்தில் இழுத்தாய்?

நான் (6.57): முதல் நாள் துருசடி (மதகடி), பிறகு மிகைநீர் வழியும் வான் பக்கம், இன்று தாமரை நிற்கும் மூலை. வேகத்தை நான் கவனிக்கவில்லை.

ரொறன்ரோ அண்ணா (7.04): அங்கேதான் பிழை. இரை, இடம், வேகம் மூன்றையும் சேர்த்து மாற்றினால் மீன் எதை வேண்டாம் என்றது என்று எப்படித் தெரியும்? நான் ஸ்கூகொக் ஏரியில் முதல் இரண்டு கோடைகளை இப்படித்தான் இழந்தேன். அது ஆழம் குறைந்த, நீர்ப்பூண்டு மண்டிய ஏரி, பெருவாய்ப் பாஸ் என்ற மீன் நிறைய உண்டு. ஒருநாள் றப்பர் புழு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரே பூண்டுத் திட்டின் ஓரத்தில் நின்றேன். முதலில் வேகமாக இழுத்தேன், பிறகு மெதுவாக இழுத்தேன். கடைசியில் இழுக்காமல் அடியில் கிடக்கவிட்டுத் தடியின் நுனியை மட்டும் அசைத்தேன். அப்போதுதான் எடுத்தது. நிறத்தை அதற்குப் பிறகுதான் மாற்றிப் பார்த்தேன்.

வவுனியா சின்னம்மா (7.10): ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்வதும் இதுதான். ஒரு மாறியை மட்டும் மாற்று, மற்றவற்றை அப்படியே வை. ஒரு கொப்பியில் எழுதி வை தம்பி. நினைவை நம்பாதே.

அம்மா (7.12): துருசடியில் முதலை கிடந்ததைப் பால்காரர் கண்டிருக்கிறார். சிக்கியதை எடுக்கிறேன் என்று நீரில் இறங்காதே. நூலை அறுத்துவிட்டு வா.

மாமா (7.31): தம்பி, தாமரை மூலையில் நேற்று மாலை விட்ட என் வலை இருந்தது. உன் மும்முள் அதில் கொழுவினால் வலையும் கிழியும், மீனவர் சங்கத்தில் எனக்கும் பேச்சு வரும். மிதப்புக் கட்டையைக் கண்டால் இருபது பாகம் (ஒரு பாகம் இரு கையையும் விரித்த நீளம்) தள்ளி நில்.

நான் (7.33): இருட்டில் மிதப்பு தெரியவில்லை மாமா. நாளைக்கு எந்தப் பக்கம் நிற்கலாம்?

மாமா (7.40): ஆற்றுவாய்ப் பக்கம் போ, அங்கே வலை இல்லை. போனவுடன் எறியாதே, முதலில் பார். விரால் காற்றை விழுங்க மேலே வந்தாகவேண்டிய மீன். விடியலில் நீர் ஆடாமல் இருக்கும்போது ஒரு வட்டம் விரியும், மெல்லிய சத்தமும் கேட்கும். வட்டத்தின் மேலேயே எறிந்தால் தாழ்ந்துவிடும். இரண்டு பாகம் அப்பால் எறிந்து அந்த வழியாகக் கொண்டுவா.

ரொறன்ரோ அண்ணா (7.44): மாமா சொல்வதைப் பெட்டியில் வைத்து அனுப்ப முடியாது. தம்பி, நாளைக்குத் தவளையை மட்டும் எடுத்துக்கொண்டு போ. அதன் இரண்டு முள்ளும் மேல்நோக்கி உடம்போடு ஒட்டியிருப்பதால் பூண்டின் மேல் வழுக்கி வரும். மீன் கடித்தால் வெற்று உடம்பு நசுங்கி முள் வெளியே வரும். கரண்டி திறந்த நீருக்கு உரியது.

நான் (7.46): வரி போட்ட அந்த மீன் கட்டை?

ரொறன்ரோ அண்ணா (7.50): அது மஞ்சள் பேர்ச் மீனின் நிறம். இங்கே பாஸ் அதைத் தின்னும். முத்தையன்கட்டில் பேர்ச் ஏது? அதை யோசிக்காமல் அனுப்பியது என் தவறு.

மாமா (7.58): நம்முடைய குளத்தில் விரால் தின்பது தவளையும் ஜப்பான் மீன் குஞ்சும்தான். கட்டையைச் சாம்பல் நிறத்தில் பூசிப் பார்க்கலாம்.

வவுனியா சின்னம்மா (8.05): ஜப்பான் மீனும் வந்த மீன்தான். ஆபிரிக்கத் திலாப்பியாவை 1952இல் இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். நம் விரால் அதற்குப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை

நான் (காலை 8.20): கொப்பியில் எழுதியதை அப்படியே இடுகிறேன். ஆற்றுவாய், 5.50 முதல் 7.30 வரை. வியாழக்கிழமை மழையில் வந்த நீர் இன்னும் கலங்கல்தான். பச்சைத் தவளை, வேகமாக இழுத்தது, இருபது எறி, ஒன்றும் இல்லை. அதே தவளை, மெதுவாக, இருபது எறி, பின்னால் ஒரு அலை மட்டும் வந்து திரும்பிவிட்டது. அதே தவளை, இரண்டு சாண் இழுத்து நிறுத்தி, மறுபடி இழுத்து, பதினைந்து எறி, இரண்டு அடி விழுந்தன. இரண்டும் தவறின. பிறகு வேகத்தை மாற்றாமல் கறுப்புத் தவளையைக் கட்டினேன். ஒன்பது எறிக்குள் மூன்று அடி!

வவுனியா சின்னம்மா (8.26): அருமை! கீழே இருந்து பார்க்கும் மீனுக்கு வானம்தான் பின்னணி. கலங்கலில் பச்சை கரைந்துவிடும், கறுப்பின் உருவம் வெட்டித் தெரியும். கண்ணுக்கு எட்டாவிட்டாலும் நீரின் அதிர்வு, மீனின் பக்கவாட்டில் அதை உணரும் பக்கக்கோட்டு உறுப்பில் படும். நிறுத்தி இழுத்தபோது மீன் அந்த இடத்தைக் குறி வைத்திருக்கும்.

ரொறன்ரோ அண்ணா (8.31): அடித்தவுடன் தடியைச் சுண்டினாயா?

நான் (8.32): ஆம். நீர் வெடித்த சத்தத்தில் கை தானாக எழுந்துவிட்டது.

ரொறன்ரோ அண்ணா (8.35): அதுதான் தவறவைத்தது. முதல் அடியில் தவளை பெரும்பாலும் வாயின் ஓரத்தில்தான் இருக்கும். நூலில் பாரம் தெரியும்வரை பொறு, இரண்டு எண்ணு, பிறகு இழு. பாஸுக்கும் தவளை போட்டால் இதே பாடுதான்.

நான் (8.41): மூன்றாவதற்குப் பொறுத்தேன். ஏறியது, பெரியது. கரைக்கு ஐந்து முழம் இருக்கும்போது முள் நிமிர்ந்து கழன்றுவிட்டது. கறுப்புத் தவளை உங்கள் பெட்டியில் வந்ததில்லை அண்ணா, கொழும்பில் ஒரு கடையில் வாங்கியது. 850 ரூபா கொடுத்த பொருளின் முள் ஈர்க்குப்போல நிமிர்வதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

மாமா (8.50): உடம்பை எறியாதே. என்னிடம் கடல் தூண்டில்முள் இருக்கிறது, மாற்றித் தருகிறேன். ஒன்று கேட்கிறேன், அது அடித்த இடத்தில் நீர் சிவந்து கொதிப்பதுபோல இருந்ததா?

நான் (8.52): இருந்தது மாமா. சின்னஞ்சிறு சிவப்புக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து வந்து போயின. அதன் ஓரத்தில்தான் அடித்தது.

மாமா (8.57): அப்படியென்றால் முள் நிமிர்ந்தது நல்லது. அது பசியில் அடிக்கவில்லை, குஞ்சைக் காக்க அடித்தது. அந்த மீனைத் தூக்கினால் அத்தனை குஞ்சையும் ஜப்பான் மீனும் கொக்கும் தின்று முடித்துவிடும். பார்ப்பு, அதாவது குஞ்சுக்கூட்டம், நிற்கும் இடத்தில் நாங்கள் வலையே விடுவதில்லை. நீயும் எறியாதே.

நான் (8.59): தெரியாமல் செய்துவிட்டேன். இனி எறியமாட்டேன்.

ரொறன்ரோ அண்ணா (9.06): இங்கேயும் இதே காரணம்தான். பாஸில் ஆண் மீன் கூட்டைக் காக்கும். அதனால் தெற்கு ஒன்ராறியோவின் பெரும்பகுதியில் ஜூன் பிற்பகுதிவரை பாஸ் பிடிக்க அனுமதி இல்லை. கூட்டின் மேல் எதை எறிந்தாலும் அடிக்கும். அதை வைத்து இந்த இரை நல்லது, அந்த இரை கெட்டது என்று சொல்லவும் முடியாது. உன் கொப்பியில் அந்த மூன்று அடியையும் கழித்துவிடு.

நான் (9.09): கழித்துவிட்டால் கறுப்பைப் பற்றி ஒன்றும் மிஞ்சாதே!

ரொறன்ரோ அண்ணா (9.11): மிஞ்சாது. வேறு இடத்தில் மறுபடி பார்.

அம்மா (9.20): இவ்வளவு பேசும் அந்தப் பாஸ் எவ்வளவு பெரிது?

ரொறன்ரோ அண்ணா (9.24): சித்தி, நான் பிடிப்பவை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அரிது. ஜோர்ஜ் பெரி என்பவர் 1932இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் பத்துக் கிலோ அளவில் ஒன்றைப் பிடித்தார். 2009இல் ஜப்பானின் பீவா ஏரியில் ஒருவர் அதற்கு ஈடாகப் பிடித்தார். எழுபத்தேழு ஆண்டுகள் அந்தச் சாதனையை யாரும் எட்டவில்லை.

நான் (9.30): அண்ணா, கட்டையை இங்கேயே செதுக்கிப் பார்க்கலாமா? முள்முருக்கு இலேசான மரம், வேலியில் நிற்கிறது. பால்மாப் பைக்கற்றின் உட்புறத்தில் வெள்ளித்தாள் இருக்கிறது.

ரொறன்ரோ அண்ணா (9.38): தாராளமாகச் செய்! பின்லாந்தில் லௌரி ரபாலா என்ற மீனவர் 1936இல் அப்படித்தான் தொடங்கினார். கூட்டத்தில் காயம்பட்டுத் தள்ளாடும் சிறுமீனைத்தான் பெரிய மீன் தேர்ந்தெடுக்கிறது என்று அவர் கண்டார். தக்கையைச் செருப்புக் குத்தும் கத்தியால் செதுக்கி, சொக்லேட் தாளைச் சுற்றி, புகைப்படச் சுருளை உருக்கி மேலே பூசினார். நீயும் பளபளப்பைவிடத் தள்ளாட்டத்துக்கு நேரம் கொடு. முதலில் வாளி நீரில் இழுத்துப் பார். சுழன்றால் அடிப்பக்கம் ஈயம் போதவில்லை.

மாமா (10.02): முள்முருக்கை நிழலில் காயவிடு. வெயிலில் போட்டால் வெடிக்கும்.

மாமா (10.05): நாளை ஐந்து மணிக்கு வலை எடுக்கப் போகிறேன். எடுத்து முடிந்தால் தாமரை மூலை வெறுமையாக இருக்கும், பார்ப்பும் அங்கே இல்லை. தோணியில் ஓர் இடம் இருக்கிறது. கறுப்பையும் பச்சையையும் கொண்டுவா.

நான் (10.06): நாலரைக்கு வாசலில் நிற்பேன் மாமா.

வவுனியா சின்னம்மா (10.08): இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கை எறி. கொப்பியை மறக்காதே.

அம்மா (10.15): தேநீரைப் போத்தலில் ஊற்றி வைக்கிறேன். தோணியில் எழுந்து நிற்காதே.