மரக் கேமராவுக்குப் பைத் துருத்தி: யாராவது வழி சொல்லுங்க

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுறேன். முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய தேக்கு நிலை வாங்கி, 4×5 அங்குல ஃபிலிம் கேமரா செஞ்சுக்கிட்டிருக்கேன். லென்ஸ் பலகை, துருத்தி (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல வெளிச்சம் புகாம மூடுற, விரிஞ்சு சுருங்குற கூடு), ஃபிலிம் உட்காருற பின்சட்டம் மூணையும் தனித்தனியா கழற்றி மாட்டலாம். நம்ம ஊரு வீட்டு முகப்பைத் தெருவுல நின்னு எடுக்கணும்னா கேமராவை அண்ணாத்தாம லென்ஸை மட்டும் மேலே ஏத்தணும். இல்லைன்னா தூணெல்லாம் உள்பக்கம் சாஞ்சு விழும்.

அங்கதான் சிக்கல். 150 மிமீ லென்ஸுக்கு மடிப்புத் துருத்தி போதும். 90 மிமீ போட்டா லென்ஸ் ஃபிலிமுக்குக் கிட்ட வரணும், மடிப்பெல்லாம் நெருங்கி இறுகிடுது, லென்ஸ் அசையவே மாட்டேங்குது. மடிப்பில்லாத பைத் துருத்தி வேணும். தோல்ல தைச்சுப் பார்த்தேன், ஊசி ஓட்டை வழியா வெளிச்சம் கசிஞ்சு ரெண்டு ஷீட் வீண் (ஃபிலிம் விக்கிற விலையில!). வெளிச்சம் புகாத மெல்லிய துணி மதுரைப் பக்கம் எங்க கிடைக்கும்? தைக்கணுமா, ஒட்டணுமா?

இன்னொண்ணு. ஃபோகஸ் பார்க்கப் பின்சட்டத்துல வைக்கிற தேய்ச்ச கண்ணாடியில கூர்மையா தெரியுறது ஃபிலிம்ல மங்கலா விழுது. படம் எடுக்குறப்போ கண்ணாடி இருக்குற இடத்துக்கு வர்ற ஃபிலிம் ஹோல்டருக்குள்ள ஃபிலிம் ஏறக்குறைய 5 மிமீ ஆழத்துல உட்காருது. என் கண்ணாடி அதே ஆழத்துல இல்லை. ஆசாரி அண்ணன், "கால் நூல்தானே தம்பி"ன்னு சிரிக்கிறார் (நூல்னா அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு). ஆழம் அளக்குற டெப்த் கேஜ் வச்சிருக்கவங்க தேவகோட்டைப் பக்கம் இருந்தாலும் சொல்லுங்க, சட்டத்தைத் தூக்கிட்டு வந்துடுறேன்.