புள்ளி வரிக் கணக்கை வாட்ஸ்அப்பில் போட்டால் முறைகேடு நிற்குமா?

கானாடுகாத்தான்வாசி:
எங்கள் நகரத்தார் சிவன் கோயில் கும்பாபிஷேகத்துக்குப் புள்ளி வரி (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு என்று வரி) போக, தனி நன்கொடையும் வசூலாகிறது. வாரம் ஒருமுறை மொத்த வரவு செலவைக் குழுவில் போட்டால் போதும் என்கிறார்கள் கோயில் நிர்வாகம் பார்க்கும் காரியக்காரர்கள். போதுமா?

பேரேடு:
மொத்தத்தைப் போடுவது கணக்குக் காட்டுவது ஆகாதுங்க. புள்ளி வரியில் கை வைப்பது சிரமம்: புள்ளி எத்தனை, புள்ளிக்கு எவ்வளவு என்று பெருக்கினால் வரவேண்டியது தெரிந்துவிடும். ஓட்டை தனி நன்கொடையில்தான். கொடுத்தவர் கையில் 10,000 ரசீது. கார்பனை எடுத்துவிட்டு, புத்தகத்தில் தங்கும் அடிக்கட்டையில் 1,000 என்று எழுதிவிடலாம். தணிக்கையாளர் பார்ப்பது அடிக்கட்டையை, அதனால் அவர் கண்ணில் இது படாது. கொடுத்தவர்தான் பிடிக்க முடியும். ஆகவே ரசீது எண்ணையும் தொகையையும் வரிசையாகப் போடுங்கள், பெயர் வேண்டாம். அவரவர் ஒத்துப் பார்த்துக்கொள்வார்கள். இடையில் எண் விடுபட்டால் கேள்வி வரும். ரத்தான ரசீது என்றால் அசலும் நகலும் புத்தகத்திலேயே இருக்கணும். எந்தப் புத்தகம் யாரிடம் போனது என்பதற்குக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். திரும்பி வராத ஒரு புத்தகம் போதும், ஐந்தொகை என்கிற முடிவுக் கணக்கே சந்தி சிரிக்கும்.

நேமத்தான்:
பெயர் வேண்டாம் என்பது சரி. பாக்கிக்காரர் பட்டியலைப் பொதுவில் ஒட்டினால் வரி வராது, பங்காளிச் சண்டைதான் வரும். பாக்கியை அவரவருக்குத் தனியாக அனுப்பலாம். அரிசி, நெய், வெள்ளிச் சாமான் வரவையும் மறக்காதீங்க. அதெல்லாம் ரொக்கக் கணக்கில் வராது. வெள்ளியை இரண்டு பேர் முன்னால் நிறுத்து, எடையைச் சாமானிலேயே விலாசத்துக்கு (உரியவரைக் காட்டும் பெயரெழுத்துக்கு) பக்கத்தில் வெட்டிவிடணும்.

தணிக்கை_காரைக்குடி:
பேரேடு அண்ணன் சொன்னது பாதிதான். வசூலிப்பவரே பணத்தை வைத்து, அவரே நாள்வழிக் கணக்கும் (அன்றாட வரவு செலவு) எழுதினால், எத்தனை வெளிப்படையாகப் போட்டாலும் அவர் எழுதியதைத்தான் ஊர் பார்க்கும். மூன்றையும் மூன்று பேரிடம் பிரியுங்கள். வசூல் ரொக்கத்திலிருந்து நேராகச் செலவு செய்யக்கூடாது. முழுதும் வங்கியில் கட்டி, செலவுக்குத் தனியாக எடுக்கணும். அப்போதுதான் ரசீது மொத்தமும் பாஸ்புக்கும் ஒத்துவரும். செக்குக்கு இரட்டைக் கையெழுத்து என்று வைத்துவிட்டு, வெளியூர் போகிறவரிடம் வெறும் செக்கில் முன்கூட்டியே ஒப்பம் வாங்கி வைப்பார்கள்; அது ஒற்றைக் கையெழுத்துத்தான். க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்தால் அறக்கட்டளைப் பெயர் வரணும், தனி ஆள் பெயர் வரக்கூடாது. ஒருவரிடம் ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமான வரிச் சட்டம் விடாது.

கானாடுகாத்தான்வாசி:
ரசீதுப் புத்தகம் ஏற்கெனவே 4 வெளியே போய்விட்டது. கையெழுத்து இல்லை.

பேரேடு:
நாளைக்கே திரும்ப வாங்கி, கடைசியாகக் கிழித்த எண்ணைக் குறித்துவிட்டு மறுபடி கொடுங்க. கிழித்த எண்கள்தான் முதல் பட்டியல்.