நாலாம் பிறையும் மூக்குத்தியும்: தெப்பக்குளத்தில் ஒரு சாயங்காலம்

2023 மார்ச் 24, வெள்ளிக்கிழமை. அன்று சாயங்காலம் நிலவும் வெள்ளிக் கோளும் ஒட்டி நிற்கும் என்று ஒரு வாரம் முன்பே தெரியும். வேலையிடத்தில் சொல்லிவிட்டு ஐந்தரை மணிக்கெல்லாம் மதுரை வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்குப் போய்விட்டேன். கிழக்குக் கரையில் நின்றால்தான் மைய மண்டபமும் அதற்குப் பின்னால் மேற்கு வானமும் எதிரே கிடைக்கும். குளத்தில் தண்ணீரும் இருந்தது.

இந்த ஆசை 2008-இல் தொற்றியது. அந்த வருடம் டிசம்பர் 1-ஆம் தேதி வெள்ளியும் வியாழனும் இரண்டு கண்கள், அடியில் பிறை ஒரு வாய் என்று வானத்தில் ஒரு சிரித்த முகம் தெரிந்தது. மின்வெட்டுக் காலம் அது. உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊரில் கரண்டு போய்த் தெருவே வெளியில் வந்து உட்கார்ந்திருந்ததால் எல்லோரும் பார்த்தோம். என்னிடம் அப்போது கேமரா கிடையாது. பதினான்கு வருடமாக அந்த முகம் மனதைவிட்டுப் போகவில்லை.

சரி, தெப்பக்குளத்துக்கு வருகிறேன். இந்தியாவின் சில பகுதிகளில் அன்று நிலவு வெள்ளியை முழுதாகவே மறைத்தது. மதுரையில் இருட்டத் தொடங்கியபோது வெள்ளி பிறைக்கு அடியில் தனியாக நின்றது. நீட்டிய கையின் சுண்டுவிரலால் இரண்டையும் சேர்த்து மறைத்துவிடலாம், அவ்வளவு நெருக்கம். நடை போக வந்தவர்கள் நின்றுவிட்டார்கள். கரைச் சுவரில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள் எல்லோர் கையிலும் போன் மேலே போனது.

என் முதல் பத்துப் படங்களும் வீண். கேமராவைத் தானியங்கியில் விட்டிருந்தேன். சுற்றிலும் இருட்டைப் பார்த்த கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிட்டது. மெல்லிய பிறை ஊதிப்போய் முழு நிலவு மாதிரி ஆகிவிட்டது, வெள்ளி ஒரு வெள்ளைத் திட்டு. போனில் எடுப்பவர்களுக்கும் இதேதான் நடக்கிறது. நிலவின் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டிவிட்டு, வெளிச்சக் கோட்டைக் கீழே இழுத்தாலே பாதிப் படம் சரியாகிவிடும்.

அப்புறம் எல்லாவற்றையும் கையாலேயே வைத்தேன். 300 மில்லிமீட்டர் லென்ஸ், லென்ஸின் திறப்பு எஃப் 5.6, சென்சாரின் ஒளியுணர்வு அதாவது ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/60 விநாடி. கேமராவின் பின் திரையில், லைவ் வியூவில், பத்து மடங்கு பெரிதாக்கி, வெள்ளி மிகச் சிறிய புள்ளியாகும் வரை ஃபோகஸ் வளையத்தைத் திருகினேன். ஃபோகஸ் பார்க்க நிலவைவிட வெள்ளிதான் உதவி. புள்ளி சிறிதாவதும் பெரிதாவதும் கண்ணுக்கு உடனே தெரியும். பிறை சுத்தமாக வந்தது, ஓரத்தில் பள்ளங்கள்கூடத் தெரிந்தன. ஆனால் என் மனதில் இருந்த படம் அது இல்லை. பிறையின் மடியில் நிலவின் மீதி வட்டமும் சாம்பல் நிறத்தில் மங்கலாகத் தெரியும் அல்லவா, அதுவும் எனக்கு வேண்டும். பூமியின் மேல் பட்ட வெயில் நிலவுக்குப் போய், அங்கிருந்து நம் கண்ணுக்குத் திரும்பி வரும் ஒளி அது. அதை எடுக்க ஐஎஸ்ஓவை 800-க்கு ஏற்றி ஒரு விநாடி திறந்து வைத்தேன். ஒரே விநாடிதான், அதற்குள் பூமி சுழல்வதால் நிலவு ஐந்தாறு பிக்சல் நகர்ந்து விளிம்பு குழம்பிவிட்டது. 1600-க்கு ஏற்றி அரை விநாடியாகக் குறைத்ததும் நின்றது. இப்போது பிறை வெளுத்துவிடும், வெள்ளியும் வீங்கும். அதை ஏற்றுக்கொள்ள வேண்டியதுதான். வெள்ளியின் மேகங்கள் தம்மேல் விழும் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்புகின்றன. நிலவின் மண் பத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் அனுப்புகிறது. போதாததற்கு வெள்ளி சூரியனுக்குப் பக்கத்தில் வேறு இருக்கிறது. இவ்வளவு வேறுபட்ட இரண்டையும் ஒரே அமுக்கில் நியாயமாகப் பிடிக்கச் சென்சாரால் முடியாது. இரண்டு படம் எடுத்துப் பிறகு சேர்ப்பவர்கள் உண்டு. எனக்கு ஒரே படம்தான் பிடிக்கும், சாம்பல் வட்டம் தெரிகிற படம். கண்ணால் பார்த்ததற்கு அதுதான் கிட்ட வருகிறது.

இதற்கு நடுவே பஸ் ஒன்று பின்னால் போனால் போதும், தரை அதிர்ந்து ட்ரைபாட் ஆடிவிடும். இரண்டு விநாடி டைமர் போட்டு, சாலை ஓய்கிற நேரம் பார்த்து அமுக்கினேன்.

பக்கத்தில் சுண்டல் விற்றுக்கொண்டிருந்த அம்மா ரொம்ப நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பிறையவா தம்பி படம் புடிக்கிற? நேத்து வந்திருக்கக் கூடாதா? நேத்துத்தான் மூணாம் பிறை, பாத்தா நல்லது. இன்னிக்கு நாலாம் பிறை. நாலாம் பிறையப் பாத்தா நாய் படாத பாடும்பாக."

அவர் கணக்கு சரி. 21-ஆம் தேதி அமாவாசை. அதிலிருந்து எண்ணினால் 24 நாலாம் நாள். நான் பதில் சொல்லாமல் கேமராத் திரையைப் பெரிதாக்கி அவர் பக்கம் திருப்பினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "அடியில ஒன்னு மினுங்குதே, அது என்னா?" வெள்ளி என்றேன். "விடியக்காலம் வருமே, அந்த வெள்ளியா? சாயங்காலமும் வருமா?" ஒரே வெள்ளிதான்மா, சில மாதம் விடிகாலையில், சில மாதம் அந்தியில் என்றேன். தலை நிமிர்ந்து வானத்தையே பார்த்தார். "மீனாச்சி மூக்குத்தி கணக்கா இருக்கு" என்றார். அன்று எடுத்த நூற்றுச் சொச்சம் படங்களில் அவர் பார்த்த அந்தப் படத்தை மட்டும் நான் திருத்தவே இல்லை.

எட்டு மணிக்கு மேல் வேறொரு பாடம். ஆறே முக்காலுக்கு நிலவு முப்பது பாகை உயரத்தில் இருந்தது. மண்டபத்தையும் அதையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டுமென்றால் அகல லென்ஸ்தான் வேண்டும். அதில் நிலவு ஒரு கடுகு. அது இறங்கி வரட்டும் என்று காத்திருந்தேன். எட்டேகாலுக்கு மண்டபத்துக்கு மேலே வந்தது. நேர் மேற்கிலிருந்து சற்று வடக்கே தள்ளி இறங்கியதால், நானும் கரையில் தெற்குப் பக்கமாக நாற்பது ஐம்பது அடி எடுத்து வைத்துத்தான் மண்டப உச்சியோடு சேர்க்க முடிந்தது. அதற்குள் இடைவெளி கண்ணுக்கே தெரியும்படி கூடிவிட்டது. நிலவு நட்சத்திரங்களுக்கிடையே மணிக்கு ஏறக்குறையத் தன் அகலம் நகர்கிறது. நெருக்கம் வேண்டுமா, ஊர் வேண்டுமா என்று அது கேட்பது போல இருந்தது. தொடுவானத்துப் புழுதியில் பிறை மஞ்சளாகவும் மாறிவிட்டது. எனக்கு அந்த மஞ்சள் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து வரைபடத்தில் கோடு போட்டுப் பார்த்தபோதுதான் நெஞ்சு அடித்துக்கொண்டது. தெப்பக்குளத்திலிருந்து மீனாட்சி அம்மன் கோயில் மேற்கில் சற்று வடக்கே, மூன்று கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். அன்று நிலவும் வெள்ளியும் இறங்கிய திசையும் கிட்டத்தட்ட அதேதான். தெற்குக் கோபுரம் ஏறக்குறைய 170 அடி. அந்தத் தூரத்திலிருந்து அது நிலவைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல் உயரமாகத் தெரியும். கரையில் கட்டடங்கள் மறைக்கும். அந்தப் பக்கத்தில் யாராவது ஒருவரிடம் மாடியில் இடம் கேட்டிருந்தால் கோபுரமும் பிறையும் வெள்ளியும் ஒரே லென்ஸில் கிடைத்திருக்கும். இதை எழுதும்போதும் வலிக்கிறது. எடுக்கப் போகிறவர்கள் தயவுசெய்து முதல் நாளே வரைபடத்தில் கோடு போட்டுவிடுங்கள்.

திருமங்கலத்து நண்பர் ஒருவரிடம் கேமராவே இல்லை. பைனாகுலரை மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் செங்கல் வைத்து நிறுத்தி, கண் வைக்கும் துளையில் போன் லென்ஸை ஒட்டிப் பிடித்து எடுத்தார். பிறையும் புள்ளியும் அழகாக வந்திருந்தன. வட்டமான கறுப்பு ஓரத்தையும் அவர் வெட்டவில்லை. என் படங்களைவிட அதைத்தான் வீட்டில் எல்லோரும் கேட்டுக் கேட்டுப் பார்த்தார்கள்.

மேகத்தை மட்டும் ஒன்றும் செய்ய முடியாது. அதே வருடம் நவம்பர் 9 விடிகாலை, தேய்பிறையும் வெள்ளியும் கிழக்கில் நின்ற நாள். கீழக்குயில்குடியில் சமணர் மலையடித் தாமரைக் குளத்தில் நாலு மணிக்கே போய் நின்றேன். ஐப்பசி வானம் திறக்கவே இல்லை. விடிந்ததும் டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

மார்ச் 25 சாயங்காலம் மறுபடி தெப்பக்குளம் போயிருந்தேன், கோபுரம் தெரிகிற மாடி எது என்று பார்த்து வைக்க. வெள்ளி நேற்று நின்ற உயரத்திலேயே நின்றது. நிலவு மட்டும் நீட்டிய கையின் ஒரு முஷ்டிக்கும் மேலே ஏறிப் போயிருந்தது. சுண்டல் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு மேலே கை காட்டினார்.

"என்னா தம்பி, மூக்குத்திய கழட்டி வச்சிட்டு ஆத்தா மேல போய்ட்டா?"