ரிடார்டருக்குத் தமிழ்: வேகத்தடையா, கவ்வுதடையா?

வணக்கம்.

சரக்கு வேகன்களைப் பிரித்து ரயில்களாகக் கோக்கும் இடம் மார்ஷலிங் யார்டு; அங்கே உருளும் வேகனின் வேகத்தைக் குறைக்கும் கருவி ரிடார்டர். அதற்கு "வேகத்தடை" என்று போன மடலில் வந்திருந்தது. எனக்கு ஒப்பவில்லை. குன்னூர்ச் சாலையில் வேகத்தடை என்றால் வண்டியை மெதுவாக்கும் மேடு. யார்டிலோ மேடுதான் வேகத்தைக் கொடுக்கிறது. எஞ்சின் பின்னாலிருந்து தள்ள, உச்சியில் கழற்றிவிட்ட வேகன் தன் எடையிலேயே உருண்டு இறங்கும். உராய்வை விட்டுக் கணக்கிட்டால், 3 மீட்டர் இறங்கியதுமே மணிக்கு 27 கி.மீ. வந்துவிடும். கீழே நிற்கும் வேகனோடு போய்ச் சேரும்போது 6 கி.மீ. அளவில் இருக்க வேண்டும்; மிஞ்சினால் சரக்கு நொறுங்கும், இணைப்பு உடையும்.

"முட்டுக்கட்டை"யும் சேராது. பர்லியாறு ஏற்றத்தில் லாரிச் சக்கரத்துக்கு வைக்கும் கட்டை, வண்டியை நிறுத்தி வைப்பதற்கு. "தாமதிப்பி", கான்கிரீட் இறுகுவதைத் தள்ளிப்போடும் ரிடார்டருக்குப் போகட்டும்.

இங்கே நடப்பது கவ்வல். தண்டவாளத்தின் இருபுறமும் நீளமான இரும்புச் சட்டங்கள். காற்றழுத்த உருளை தள்ளியதும் அவை சக்கர விளிம்பை இரண்டு பக்கமும் இறுக்கும். ரேடார் வேகத்தை அளந்துகொண்டே இருக்கும். வேண்டிய வேகத்துக்கு இறங்கிய கணமே பிடி விடும்.

நம் மலை ரயிலில், கல்லாறு–குன்னூர் பல்சட்டப் பாதையில் (தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் உள்ள சட்டம் பதித்தது), பெட்டிதோறும் பிரேக்ஸ்மேன் உண்டு. பிரேக் வண்டியோடு போகிறது. உருளும் வேகனில் ஆளும் இல்லை, எஞ்சினும் இல்லை. பிரேக் தரையில்தான் இருந்தாக வேண்டும். பெயரில் அது தெரியட்டும்: தடக்கவ்வி.
(குன்னூர்)

*

தடக்கவ்வி என்றால் தண்டவாளத்தை ஸ்லீப்பரோடு பிடிக்கும் கிளிப் என்றுதான் லைன் ஆட்கள் நினைப்பார்கள். "கவ்வுதடை" சொல்லிப் பாருங்கள். உறுப்புகளுக்கும் விரிகிறது: கவ்வுசட்டம், அதில் போல்ட் போட்டு மாட்டும் தேய்கட்டை. மேட்டை அடுத்து முதற்கவ்வுதடை, பாதை பிரியும் இடங்களில் கிளைக்கவ்வுதடை.

பராமரிப்புக் குறிப்பு ஒன்றில் வைத்துப் பார்த்தேன்: "கவ்வுதடையில் கை வைக்கும் முன் காற்று வால்வை மூடிப் பூட்டு, சாவி உன்னிடமே இருக்கட்டும். உருளையில் மிஞ்சிய காற்றை வெளியேற்று. சட்டங்களின் இடைவெளியை இரு முனையிலும் நடுவிலும் அள. எதிரெதிர்த் தேய்கட்டைகளைச் சேர்த்தே மாற்று. புதுக்கட்டையின் போல்ட்டுகளைச் சில வேகன்கள் போனபின் மறுபடி முறுக்கு." எங்கும் இடறவில்லை.

இரண்டு கோளாறுகளுக்கும் பெயர் வேண்டும். சக்கர விளிம்பில் எண்ணெயோ கிரீஸோ இருந்தால், அழுத்தம் சரியாக இருந்தும் வேகன் வழுக்கிப் போகும்: பிடிநழுவல். காலி வேகனுக்குச் சரக்கேற்றிய வேகனின் அழுத்தத்தைக் கொடுத்தால் சக்கரம் சட்டங்களுக்கு இடையிலிருந்து மேலேறும், தடம் புரளும்: சக்கரப்பிதுக்கம். கவ்வும் முன்பே எடை பார்ப்பது இதற்காகத்தான்.
(உதகை)

*

கவ்வுதடைக்கு என் முழுச் சம்மதம், தடக்கவ்வியை விட்டுவிடுகிறேன். "சக்கரப்பிதுக்கம்" என்றால் சக்கரமே உப்பியதுபோல் தொனிக்கிறது. "சக்கர எழும்பல்" ஆகட்டும். இன்னொன்றும் சேர்க்க வேண்டும். காற்றுத் தொட்டியில் தேங்கும் தண்ணீரை முறை தவறாமல் வடிக்காவிட்டால் வால்வு துருவேறி ஒட்டிக்கொள்ளும். பிடி விடத் தாமதமாகி வேகன் பாதி வழியில் நின்றுவிடும். அதற்குப் "பிடிதங்கல்" சரிப்படுமா?
(குன்னூர்)